மாலை வகுப்புக்குள் செல்போன்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதாவது ஒரு திண்ணையிலோ மந்தையிலோ சமுதாயக் கூடத்திலோ பத்து இருபது பிள்ளைகள் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் அக்காவாக இருக்கலாம். 2021-ல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, அந்தப் பழக்கத்தை விடாமல் தொடர்கிறவராக இருக்கலாம். மாதக் கட்டணம் வாங்கி ட்யூஷன் நடத்துகிற அண்ணனாகவும் இருக்கலாம். இவர்களில் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாமும் செல்போனையும் நெட்டையும் பாடத்துக்குள் கொண்டுவரலாமா, எங்கிருந்து தொடங்குவது?

கொண்டுவரலாம். ஆனால் எதற்காக என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த ஒன்றரை வருடத்தில் ஆன்லைன் படிப்பு என்றாலே திரையில் ஆசிரியர் பேசுவதும் பிள்ளைகள் கேட்பதும்தான் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. மாலை வகுப்பு நடத்துகிற நமக்கு அதில் பெரிய பயன் இல்லை. பிள்ளைகள்தான் தினமும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே! நமக்கு நெட் உதவுவது நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில். காய்ச்சலில் வராத பிள்ளை விட்ட பாடத்தைக் கேட்கலாம். புரியாததை மூன்றாம் தடவை, யாரும் சிரிக்காமல், திரும்பக் கேட்கலாம். புத்தகத்தில் அசையாமல் இருக்கும் படத்தை அசைத்துப் பார்க்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதல் வேலை: வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள்

எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "எல்லார் வீட்டுலயும் போன் இருக்குல்ல?" என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் மேலே வரும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். இல்லை என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கூச்சம். இருக்கிறது என்று சொன்னாலும் அது யார் கையில், எந்த நேரத்தில் என்பதுதான் விஷயம்.

வீட்டு வாசலில் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "போனு அவுக அப்பாகிட்ட இருக்கு சார். லோடு இறக்கிட்டு வர எட்டு, எட்டரை ஆயிரும்." இன்னொரு வீட்டில், "அக்காகாரி காலேஜுக்குக் கொண்டு போயிருவா, சாயங்காலம்தான் வரும்." இன்னொரு வீட்டில் பட்டன் போன் மட்டும். வேறொரு வீட்டில் நல்ல போன் இருக்கும், ரீசார்ஜ் மாதத்தில் பாதி நாள்தான் இருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள். வீட்டில் இருப்பது டச் போனா, பட்டன் போனா, அது யாருடையது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வீட்டில் இருக்கும், அதைப் பங்கு போட எத்தனை பிள்ளைகள், வீட்டுக்குள் டவர் எடுக்குமா, மாடிக்குப் போக வேண்டுமா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அழகர்மலை அடிவாரத்து ஊர்களில் ஒரு தெருவில் முழுசாக எடுக்கும் டவர் அடுத்த தெருவில் காணாமல் போகும். நெட்டுக்காகப் பெண் பிள்ளையை இருட்டில் தெருமுனைக்கு அனுப்புகிற மாதிரி எந்த வீட்டுப்பாடமும் கொடுக்கக் கூடாது.

இந்த நோட்டு கையில் வந்ததும் பாதித் திட்டம் தானாகவே தெரிந்துவிடும். பெரும்பாலான ஊர்களில் போன் வீட்டுக்கு வந்து சேர்வது இரவு எட்டுக்கு மேல்தான். அப்படியானால் ஐந்து மணிக்கு எதையும் நேரலையாக வைப்பதில் அர்த்தமில்லை. எட்டு மணிக்கு மேல் எப்போது திறந்தாலும் கேட்கிற மாதிரி அனுப்பி வைக்க வேண்டும். இன்னொன்றும் தெரியும். தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று வரும் ரீசார்ஜில் மிச்சமானது நள்ளிரவோடு போய்விடும். அப்பா தூங்கப் போகும் நேரத்தில் மிச்சம் இருக்கும் டேட்டாதான் பிள்ளையின் டேட்டா. பெரிய வீடியோ ஏதாவது இறக்க வேண்டுமானால் அப்போது இறக்கி வைத்து மறுநாள் நெட் இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

டச் போனே இல்லாத வீடுகளை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். பார்ப்பதும் கேட்பதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் நேரில் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும், பிள்ளைகள் வாயால் சொல்லி அனுப்பினால் நடக்காது. ஒரு விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: போன் இல்லாத பிள்ளைக்குக் கிடைக்க வழியில்லாத எதையும் பரீட்சையில் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்: குரூப்பா, பிராட்காஸ்ட்டா

தொடக்கத்தில் ஒரே ஒரு கருவி போதும். அது எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப். வகுப்பறைச் செயலிகள் எத்தனையோ இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல், போனில் கொஞ்சம் இடம் என்று கேட்கும். மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டுக்கொடுப்பதே உங்கள் முழுநேர வேலையாகிவிடும்.

குரூப் தொடங்கினால் அமைப்புகளுக்குள் போய், அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் கொடை நோட்டீசுக்கும் நடுவில் உங்கள் பாடத்தைத் தேட வேண்டியிருக்கும். குரூப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. எல்லா அம்மாக்களின் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். இதை விரும்பாத வீடுகள் இருக்கும், அவர்கள் விரும்பாததில் நியாயமும் இருக்கிறது. அங்கே பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் அடுத்தவருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, அவர்கள் போனில் உங்கள் நம்பர் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு நோட்டோடு போகும்போதே அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

சந்தேகம் கேட்கும் நேரத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எட்டரை முதல் ஒன்பதரை வரை என்றால் அதோடு சரி. பத்தரைக்கு வரும் கேள்விக்குக் காலையில்தான் பதில். இதில் நீங்கள் இளகினால் இரண்டே வாரத்தில் உங்கள் வீட்டில் சண்டை வரும்.

புத்தகத்திலேயே இருக்கும் கதவு

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் அச்சாகியிருக்கும். க்யூஆர் கோடு, புத்தகத்தின் மொழியில் விரைவுக் குறியீடு. 2018-ல் தொடங்கிப் புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் வந்தது. கடையில் பணம் அனுப்ப ஸ்கேன் செய்யத் தெரிந்த பிள்ளைக்குக்கூட, கையில் இருக்கும் அறிவியல் புத்தகத்திலும் அதே சதுரம் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அதைக் காட்டிக்கொடுப்பதை உங்கள் முதல் டிஜிட்டல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

வழி இதுதான். தீக்‌ஷா செயலியை இறக்குங்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கியது, இலவசம். மொழி தமிழ், வாரியம் தமிழ்நாடு, பிறகு வகுப்பு என்று தேர்ந்தெடுத்து, செயலிக்குள்ளேயே இருக்கும் ஸ்கேன் பொத்தானைத் தட்டிச் சதுரத்தின் மேல் காட்டுங்கள். அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி எல்லாம் வரும். பிடித்ததை இறக்கி வைத்துக்கொண்டால் செயலிக்குள் நெட் இல்லாமலும் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்னால் அந்த வாரப் பாடத்தின் கோடுகளை நீங்கள் ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். வரும் எல்லாமே ஒரே தரத்தில் இருக்காது. ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து "இதை மட்டும் பாருங்க" என்று சொல்வதுதான் ஆசிரியரின் வேலை.

இதோடு மணற்கேணி என்ற செயலியையும் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறை 2023 ஜூலையில் வெளியிட்டது. பாடத்தைச் சிறு சிறு கருத்தாக உடைத்து அசைபடத்தோடு விளக்கும், தமிழில். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. புத்தகம் கிழிந்தோ தொலைந்தோ போன பிள்ளைகளுக்குப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இலவசமாக இருக்கின்றன. முழுப் புத்தகத்தையும் அனுப்பாமல் தேவையான பத்துப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து அனுப்புங்கள். போனில் இடம் இல்லாமல் தவிக்கும் வீடுகள்தான் அதிகம்.

உங்கள் குரல்

இவ்வளவு நல்ல வீடியோக்கள் இருக்கும்போது நாம் ஏன் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றும். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சென்னை ஸ்டூடியோவில் எடுத்த பளபளப்பான வீடியோவைவிட, நேற்று வகுப்பில் "ஏலேய், அந்தக் கழித்தல் குறி எங்கடா போச்சு?" என்று கேட்ட அதே குரல் மறுபடி சொல்வதைத்தான் அவர்கள் முழுசாகக் கேட்கிறார்கள். எந்த இடத்தில் யார் தடுக்கி விழுந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

குரல் பதிவில் தொடங்குங்கள். ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒன்றிரண்டு எம்.பி.க்குள் அடங்கிவிடும், டவர் மெலிந்த ஊரிலும் போய்ச் சேரும். அதே ஐந்து நிமிடத்தைப் போன் கேமராவில் வீடியோவாக எடுத்தால் பல நூறு எம்.பி. ஆகும். தமிழ்ச் செய்யுள், ஆங்கில வாசிப்பு, சமூக அறிவியல், வாய்ப்பாடு எல்லாவற்றுக்கும் குரலே போதுமானது. பேச ஆரம்பித்ததும் பக்கத்தைச் சொல்லுங்கள்: "எட்டாம் வகுப்பு, பக்கம் நாற்பத்திரண்டு, மேலிருந்து மூணாவது பத்தி, விரல வச்சுக்கங்க." காதில் குரல், கண்ணுக்குப் புத்தகம் என்று இரண்டும் சேர்ந்துவிடும், திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

கணக்குக்கும் படம் வரைவதற்கும் மட்டும் வீடியோ. முகத்தைக் காட்ட வேண்டாம், கையும் நோட்டும் தெரிந்தால் போதும். நாலு தடித்த புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் ஒரு மர ஸ்கேலை நீட்டி வைத்து, ஸ்கேலின் பின்பக்கத்தில் இன்னொரு புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். முன்பக்கம் ரப்பர் பேண்டால் போனைக் கட்டிவிட்டால் கேமரா நேராகக் கீழே நோட்டைப் பார்க்கும். கட்டும்போது வால்யூம் பொத்தான் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்குக் கறுப்பு ஸ்கெட்ச், எழுத்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக. போனின் கேமரா அமைப்பில் தரத்தை 720-க்குக் குறைத்துவிடுங்கள். வெளிச்சம் எழுதாத கைப்பக்கத்திலிருந்து வந்தால் நோட்டில் கையின் நிழல் விழாது.

சத்தம்தான் பெரிய எதிரி. சிமென்ட் அறையில் பேசினால் எதிரொலிக்கும். துணி காய்கிற இடம், மெத்தை அடுக்கியிருக்கும் அறை நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஐந்து நிமிடம்தானே. ஆடி மாதம் ஊர்க் கோயில் மைக் செட் ஓடும்போது பதிவு செய்ய முயல வேண்டாம், அதிகாலையில் எழுந்து செய்துகொள்ளலாம்.

எடுத்ததற்குப் பெயர் வையுங்கள். போன் தானாக வைக்கும் எண் வரிசைப் பெயரோடு விட்டால் இரண்டு மாதம் கழித்து உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. "7 கணக்கு, பின்னம், கூட்டல், 2" என்கிற மாதிரி வகுப்பு, பாடம், தலைப்பு, எண். மார்ச் மாதம் பொதுத்தேர்வு நெருங்கும்போது இந்தப் பெயர்களுக்காக உங்களை நீங்களே பாராட்டிக்கொள்வீர்கள். வீடியோக்களை யூடியூபில் ஏற்றுவதானால் "பட்டியலிடப்படாதது" என்று வையுங்கள். இணைப்பு வைத்திருப்பவர் மட்டுமே பார்ப்பார், தேடினால் வராது.

வகுப்பை மாற்றுவது

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்பாடு. படிப்பில் உண்மையான மாற்றம் இங்கேதான் வருகிறது. விளக்கம் குரலாகவும் வீடியோவாகவும் முந்தின இரவே போய்விட்டது என்றால், மறுநாள் ஆறு மணிக்கு அதையே திரும்ப நடத்தாதீர்கள். அப்படி நடத்தினால் யாரும் பதிவைக் கேட்க மாட்டார்கள், எப்படியும் சார் மறுபடி சொல்வார் என்று தெரியும்.

வந்ததும் பலகையில் இரண்டு கேள்வி எழுதுங்கள். பதிவைக் கேட்டவர்கள் செய்துவிடுவார்கள். செய்ய முடியாதவர்களை ஒரு பக்கம் உட்கார வைத்து அவர்களுக்கு மட்டும் நேரில் சொல்லிக்கொடுங்கள். பதிவைக் கேட்க வழியில்லாமல் போனவர்களும் அந்தக் கூட்டத்திலேயே வந்துவிடுவார்கள், திட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போகட்டும். இருபது பேருக்கு ஒரே வேகத்தில் நடத்திய ஒரு மணி நேரம், ஏழு எட்டுப் பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் நேரமாக மாறும். மாலை வகுப்பு நடத்துகிறவருக்கு நெட் கொடுக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் எண்ணம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது வசதிதான். ஆனால் தினமும் இருபது பேர் நாலு நாலு படம் அனுப்பினால் திருத்தி மாளாது. பொது வீட்டுப்பாடத்தை நோட்டிலேயே பாருங்கள். எங்கே சிக்கிக்கொண்டார்களோ அந்த ஒரு கணக்கை மட்டும் படமாக அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பதிலைத் தட்டச்சு செய்து கொண்டிருக்க வேண்டாம், குரலில் அரை நிமிடம் சொன்னால் போதும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் விசைப்பலகையில் மைக் படத்தைத் தட்டிப் பேசினாலே தமிழில் எழுதிவிடும். ஒற்றுப்பிழையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புங்கள், தமிழ் சொல்லிக்கொடுக்கிற இடம் அல்லவா.

நேரலை வகுப்பை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வைத்துக்கொள்ளலாம். வெளியூரில் இருக்கும் யாராவது பேச வரும்போது அது உண்மையிலேயே பிரமாதம். நம் ஊரில் படித்து இன்று கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒரு அக்கா, தான் என்ன படித்தேன், எப்படிப் போனேன் என்று பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசுவதற்கு முன்பு வழியே இல்லை. கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் இலவசமாக 60 நிமிடம், ஜூமில் 40 நிமிடம். ஒரே போனை வகுப்பின் நடுவில் வைத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரை இணைத்து எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். கேள்விகளை முந்தின நாளே எழுதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் "ஹலோ, கேக்குதா?"விலேயே பாதி நேரம் போய்விடும்.

நெட் இல்லாமலே நெட்

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது. மழைக்காலத்தில் டவரே படுத்துவிடும். அதற்காகச் சிலவற்றை முன்பே இறக்கி வைத்திருங்கள்.

சமுதாயக் கூடத்திலோ யார் வீட்டிலோ டிவி இருந்தால் ஒரு பென்டிரைவ் போதும். வீடியோக்களை அதில் போட்டு டிவியின் பின்னால் சொருகினால் பெரும்பாலான டிவிகளில் ஓடும். இருபது பிள்ளைகள் ஒரே திரையில், டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம்.

கிவிக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்து நெட் இல்லாமல் படிக்கலாம். ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் அறிவியல், கணித விளையாட்டுச் சோதனைகளின் தொகுப்பு. 2002-ல் தொடங்கியது, பல சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு ஒளியியலில் குவிலென்சுக்கு முன்னால் பொருளை நகர்த்தினால் பிம்பம் எங்கே போகும் என்று ஆறு படம் வரைய வேண்டும். பிள்ளைகள் அதை ஆறு தனிப் படமாக மனப்பாடம் செய்கிறார்கள். திரையில் மெழுகுவர்த்தியை விரலால் மெதுவாக இழுத்து, பிம்பம் பெரிதாகிப் பெரிதாகிச் சட்டென்று மறுபக்கம் தாவுவதைப் பார்த்த பிள்ளைக்கு ஆறும் ஒரே கதைதான் என்று புரிந்துவிடும். முதலில் நோட்டில் ஊகித்து வரையச் சொல்லிவிட்டு அப்புறம் காட்டுங்கள். நேராகக் காட்டினால் விளையாட்டோடு போய்விடும். கணிதப் புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று வரும் பக்கங்களை யாரும் நடத்துவதில்லை. அவற்றில் பல, ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் செய்தவை. அவற்றையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஏஐ பற்றி

சாட்ஜிபிடி மாதிரியான செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாம் தெரியாத மாதிரி இருப்பதில் பயனில்லை. உங்களுக்கு இது நல்ல உதவியாள். ஒரே பாடத்திலிருந்து எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகைக் கேள்வி கேட்டால் நொடியில் கொடுக்கும். விடைகளை மட்டும் நீங்கள் போட்டுப் பார்த்தே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதன் குணத்தைப் புரியவைக்க ஒரு சோதனை. கல்வி அதிகாரத்தில், அதாவது 391 முதல் 400 வரை, ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி அந்தக் குறளை எழுதச் சொல்லுங்கள். வருவதைப் புத்தகத்தோடு சொல் சொல்லாக ஒப்பிடட்டும். சில சமயம் சரியாக வரும். சில சமயம் வேறு குறள் வரும், குறள் மாதிரியே ஓசையோடு யாருமே எழுதாத இரண்டு வரியும் வரலாம். கொஞ்சமும் தயங்காமல் சொல்லும், அதுதான் ஆபத்து. பிள்ளைகளே கையும் களவுமாகப் பிடித்த பிறகு நீங்கள் அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது. கட்டுரையை எழுதி வாங்கிவந்த பிள்ளையைத் திட்டுவதைவிட, "இதில் மூணாவது பத்தியை உன் வாயால் சொல்லு" என்று கேட்பது பலிக்கும்.

பார்ப்பவர்கள் எடுப்பவர்களாக

இவ்வளவு நேரம் வெளியிலிருந்து பாடம் நம்மிடம் வருவதையே பேசினோம். பிள்ளைகளையும் பாடம் செய்ய வையுங்கள். மதுரைப் பக்கம் இதற்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரிட்டாபட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்றில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தும் உண்டு, குடைவரைக் கோயிலும் உண்டு. மாங்குளத்துக் குகைக் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சீவெல் அதைக் கண்டறிந்தார். நகரத்துக்கு மேற்கே சமணமலை, தென்கிழக்கே மாவட்ட எல்லை தாண்டினால் கீழடி அருங்காட்சியகம்.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் இரண்டு மூன்று பேரோடு கூட்டிப் போங்கள். மூன்று பேருக்கு ஒரு போன். ஒரு குழு எழுத்துகளைப் படம் எடுக்கட்டும். இன்னொரு குழு அங்கே ஆடு மேய்க்கிற பெரியவரிடம் அனுமதி கேட்டு, ஊரில் அந்த மலைக்கு வழங்கும் பெயர்களையும் கதைகளையும் குரலில் பதியட்டும். மூன்றாவது குழு பறவை, செடி. எழுத்தின் மேல் சாக்பீஸ் தடவிப் படம் எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். சாய்வாக வெயில் விழும் காலையில் போனால் எழுத்து தானாகவே தெரியும். திரும்பி வந்து இரண்டு நிமிட வீடியோவாகத் தொகுத்து வகுப்பில் போட்டுக் காட்டட்டும். இரண்டே நிமிடத்துக்கு எத்தனை உண்மையைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் அப்போது தெரியும்.

இன்னொரு சனிக்கிழமையைப் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒதுக்குங்கள். 2023 ஜூலை 15-ல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. சின்னத் திரையில் மட்டுமே படித்துப் பழகிய பிள்ளைகள் அங்கே நுழைந்ததும் அடையும் திகைப்பைப் பார்க்கவே போகலாம்.

கண், பாதுகாப்பு

பிள்ளைகளின் படம், பெயர், பள்ளி மூன்றையும் சேர்த்து எங்கும் போடாதீர்கள், உங்கள் ஸ்டேட்டசிலும்கூட. படம் எடுப்பதற்கே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெண் பிள்ளைகளோடு தனிச் செய்தி வேண்டாம். பேச வேண்டியதை அம்மா போனில், அம்மாவுக்குத் தெரிந்தே பேசுங்கள். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும், "சார் கேட்கச் சொன்னார்" என்றாலும், சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930. குழந்தைகளுக்கு ஆபத்து, தொல்லை என்றால் 1098. படிப்பு, பரீட்சை பயம் தொடர்பாகப் பேச வேண்டுமானால் பள்ளிக் கல்வித் துறையின் 14417. இந்த மூன்றையும் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை இருந்தால் போனைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

செலவு

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். இருக்கும் போன், ஒரு ஸ்கேல், ரப்பர் பேண்டு, ஸ்கெட்ச் போதும். தேவை என்று தெரிந்த பிறகு இந்த வரிசையில் வாங்கலாம்: முதலில் ஒரு பென்டிரைவ், அடுத்து சட்டையில் மாட்டும் சின்ன மைக், அதற்கப்புறம் ஸ்பீக்கர். ப்ரொஜெக்டர் வாங்கித் தருகிறேன் என்று ஊரில் யாராவது நல்ல மனிதர் முன்வந்தால், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிய டிவி கேளுங்கள். ப்ரொஜெக்டருக்கு இருட்டறை வேண்டும், விளக்கு மங்கினால் செலவு வைக்கும். லேப்டாப்பே வேண்டுமென்றால், அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் தூங்குகிறது என்று முதலில் விசாரியுங்கள். பேட்டரி செத்துப்போயிருந்தாலும் கரண்டில் போட்டால் ஓடுகிறவை நிறைய இருக்கும், அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.